மஞ்சள் அட்டையும் ஒரு பால்பல்லும்

கனிஷ்கா இடது பக்கமாகவே மெல்லுகிறாள் என்பதை வீட்டில் முதலில் கவனித்தது நான்தான். கடலை மிட்டாயை வாய்க்குள் வலமிருந்து இடமாகத் தள்ளி, தலையையும் அந்தப் பக்கம் சாய்த்து, மெதுவாகக் கடித்தாள். ஆறு வயதுக் குழந்தை ஒரு தின்பண்டத்தை அவ்வளவு யோசித்துத் தின்னாது.

அவள் என் அண்ணன் மகள். மண்டபத்தூரில் அண்ணன், அண்ணி, கனிஷ்கா, நான் ஆகிய நால்வரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் கருவியியலில் டிப்ளமோ முடித்துவிட்டு, கீழவாஞ்சூர் சாலையில் ஓர் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். நிலக்கரி ஏற்றிய லாரி மேடை மீது ஏறி நிற்கும். திரையில் வரும் எண்ணை நான் பதிவு செய்வேன்.

எண்ணைப் பதிவது வேலையில் பாதிதான். மீதிப் பாதி சந்தேகப்படுவது. ஓட்டுநர் கீழே இறங்கினாரா, பின்சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கிறதா, திரை சுழியத்திலிருந்து தொடங்கியதா. ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்த பிறகே சீட்டு கொடுப்பேன். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அது எங்களுக்கு நல்லதும் செய்தது, கெடுதலும் செய்தது. இரண்டையும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை ஒரு பக்கமாக மெல்லத் தொடங்கியிருக்கலாம்.

செல்போன் விளக்கை அடித்து அவள் வாய்க்குள் பார்த்தேன். கீழ்த்தாடையில், வலப்பக்கக் கடைசிப் பால்பல்லில் பழுப்பு நிறக் குழி ஒன்று இருந்தது. அதற்குக் கீழே ஈறில் அரிசி மணி அளவில் ஒரு கொப்புளம். வலிக்கிறதா என்று கேட்டேன்.

“இப்ப இல்ல அத்தை. அந்தப் பக்கம் தின்னாத்தான்.”

குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். ஒன்று, குழி. இரண்டு, கொப்புளம். மூன்று, காய்ச்சல் இல்லை. நான்கு, எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

ஈறில் வரும் அந்தக் கொப்புளம் சாதாரணமானது அல்ல. பல்லின் வேர் நுனியில் கட்டிய சீழ் வெளியேற வழி தேடியதன் அடையாளம் அது. அது உடைந்ததும் வலி குறையும். குறைந்ததால் குணமாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நாங்கள் அப்படித்தான் நினைத்தோம்.

கொப்புளம் உடைவதற்கு முன் டவுனில் ஒரு பல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பல்பெக்டமி (பால்பல்லின் வேருக்குள் அழுகிப்போன சதையை நீக்கி, சுத்தம் செய்து, மருந்து வைத்து அடைப்பது) செய்து மேலே ஓர் உலோகத் தொப்பி போட வேண்டும் என்றார். மூன்று நான்கு முறை வர வேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்ன தொகை என் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

படியிறங்கியதும் அண்ணி சொன்னார்.

“விழப்போற பல்லுக்குத் தொப்பி போடுறாராம். வெயில்ல போற ஒங்க அண்ணன் தலைக்கே ஒரு தொப்பி கெடையாது.”

நான் சிரித்தேன். எனக்கும் சந்தேகம்தான். நன்றாக ஓடும் வண்டிக்கும் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும் பட்டறைகளைப் பற்றி ஓட்டுநர்கள் தினமும் என் ஜன்னலில் வந்து புலம்புவார்கள். அந்தப் புலம்பலை ஒரு மருத்துவர் மீது நான் ஏற்றிவிட்டேன். ‘இன்னொரு மருத்துவரிடம் கேட்க வேண்டும்’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியதாலேயே அது நடந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி வந்தது. மூன்று வாரங்கள் கிராம்பும் உப்புத் தண்ணீரும் பாதி வலி மாத்திரையுமாகப் போயின.

டவுன் மருத்துவர் சொன்னது சரி. பால்பல் விழுவதற்காகவே இருக்கிறது என்பது பாதி உண்மை. அந்தக் கடைவாய்ப் பால்பல் பத்து, பதினொரு வயது வரை அங்கே இருக்க வேண்டியது. அதன் வேருக்கு அடியில்தான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் பிடித்தால் கீழே இருப்பதற்கும் ஆபத்து.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் கரையேறின. ஆண்கள் வலைக்கொட்டகையில் உட்கார்ந்து வலையின் அறுந்த கண்ணிகளைப் பின்னினார்கள். அந்த நேரத்தில் ஊர்ப் பஞ்சாயத்து ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தது. ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து சமுதாயக் கூடத்துக்கு வருகிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை. சிவப்பு ரேஷன் அட்டை (வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கானது) வைத்திருந்தால் எக்ஸ்ரே, அடைப்பு, பிடுங்குதல், தொப்பி எல்லாம் இலவசம். அழைத்துப்போகப் பேருந்தும் வரும்.

அண்ணனுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது கொட்டகையில் அதுதான் பேச்சாக இருந்தது. பல்லை எண்ணி எந்த லிஸ்ட்டில் சேர்க்கப் போகிறார்களோ என்றார் ஒருவர். இன்னொருவர் ஊசியை நூலில் இழுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார்.

“படிக்கிற புள்ளைவளுக்குப் புடுங்கிப் பழவ வாயி வேணும்ல. ஒன் வாயி பொகையில வாயி, வேணாம்னுட்டானுவ. நம்ம புள்ளைவ வாயிதான் கெடைச்சுது.”

எங்கள் ஊரில் லிஸ்ட் என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. கடல் உள்ளே வந்த ஆண்டு நான் குழந்தை. அதற்குப் பிறகு வந்த நிவாரணம், வீடு, தடைக்கால உதவி எல்லாமே லிஸ்ட்டாகத்தான் வந்தன. ஒன்றில் பெயர் ஏறினால் இன்னொன்றில் அடிபடும் என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. எந்தத் தாளில் யார் பெயரைக் கொடுப்பது என்று உட்கார்ந்து யோசிப்பார்கள். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. காற்றைப் பார்த்து வலை விடுவதுபோல, தாளைப் பார்த்துப் பெயர் கொடுப்பது.

எங்கள் வீட்டு அட்டை மஞ்சள், வறுமைக்கோட்டுக்கு மேலுள்ளவர்களுக்கானது. எனக்கு வேலை கிடைத்து, சம்பளச் சான்று அலுவலகத்துக்குப் போன பிறகு சிவப்பு மஞ்சளானது.

முகாம் அன்று எனக்குக் காலை வேலை. அண்ணிதான் கனிஷ்காவைக் கூட்டிப்போனார். நான் திரும்பியபோது கல்லூரி கொடுத்த, பிளாஸ்டிக் உறையிட்ட பதிவு அட்டை ஒன்று வந்திருந்தது. பத்து நாள் கழித்துப் பேருந்து வருகிறதாம். நமக்கு மஞ்சள் அட்டையாயிற்றே என்றேன். பேசிப் பார்த்தேன், சேர்த்துக்கொண்டார்கள் என்றார் அண்ணி. அட்டையைக் காட்டுங்கள் என்று கை நீட்டினேன். அவர் அதை மணிபர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.

“இது ஒன் எடைமேடையா கலை, சீட்டக் காட்டச் சொல்ற?”

நான் அறைக்குள் போய் ஒரு பட்டியல் எழுதினேன். ஒரு தனியார் கல்லூரி இதை ஏன் இலவசமாகச் செய்கிறது? கையை வைக்கப் போவது மருத்துவரா, மாணவரா? குழந்தையின் வாயைப் படம் எடுத்தார்களாமே, அது எங்கே போகும்? ஏதாவது தவறினால் யாரைக் கேட்பது? நிதானமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிலுக்கு இடம் விட்டேன்.

அண்ணி அந்த அட்டையை ஏன் காட்டவில்லை என்ற கேள்வி பட்டியலில் இல்லை. வீட்டில் இருப்பவர்களை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை.

எட்டாம் நாள் காலையில் கனிஷ்கா எழுந்தபோது அவள் முகத்தின் வலப்பக்கம் வேறு யாருடைய முகமோ போல இருந்தது. கன்னம் புடைத்து, தோல் பளபளத்து, தொட்டால் கொதித்தது. தாடை எலும்பின் விளிம்பு தெரியவில்லை. வீக்கம் அதைத் தாண்டிக் கழுத்தை நோக்கி இறங்கியிருந்தது. எச்சில் விழுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

அட்டையில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அண்ணி அதை வாசித்தார், நான் போனில் அழுத்தினேன். அப்போதும் அட்டை அவர் கையிலேயே இருந்தது. மறுமுனையில் பேசிய பெண் பரபரப்பு இல்லாமல் மூன்று கேள்விகள் கேட்டார். தண்ணீர் விழுங்க முடிகிறதா? வாயில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறக்கிறாளா? மூச்சில் சத்தம் இருக்கிறதா?

விழுங்குகிறாள், ஒரு விரல்தான் நுழைகிறது, சத்தம் இல்லை என்றேன். பேருந்துக்காகக் காத்திருக்காமல் உடனே கொண்டுவரச் சொன்னார். மூச்சில் சத்தம் கேட்டால் வழியிலேயே எந்த மருத்துவமனை முதலில் வருகிறதோ அங்கே இறங்கிவிட வேண்டும் என்றார்.

இந்த மூன்று கேள்விகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல் வலி என்பது எப்போது பல் வலியாக இல்லாமல் போகிறது என்பதை இவைதான் சொல்கின்றன.

அண்ணனின் கூட்டாளி மீன் வேனை எடுத்து வந்தார். ஐஸ் தண்ணீர் ஊறிய பலகை மீது பாய் விரித்து, அண்ணி மடியில் அவளைப் போட்டுக்கொண்டோம். வழியெல்லாம் நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே போனேன். வேன் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டேன்.

கல்லூரி மருத்துவமனையில் குழந்தையோடு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். அண்ணி போனார். வராந்தாவின் பச்சை நாற்காலியில் நானும் அண்ணனும் உட்கார்ந்தோம். இதற்குப் பெயர் செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியிலுள்ள மென்மையான சதையில் கிருமி பரவி வீங்குவது) என்றும், முதலில் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றி வீக்கத்தைத் தடுத்து நிறுத்திவிட்டுப் பிறகுதான் பல்லைத் தொடுவோம் என்றும் ஒரு பயிற்சி மருத்துவர் வெளியே வந்து சொன்னார். கழுத்துக்குள் பரவினால் மூச்சுக்குழாய் அழுத்தப்படும் என்பதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

ஒருமுறை கதவு திறந்தபோது, “கனி” என்று கூப்பிட்டேன். அவள் உடனே என்னைப் பார்க்கவில்லை. முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். காய்ச்சல் மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் செவிலியர் ஒருவர் வந்து, மருத்துவக் கோப்பு ஒன்றை என்னிடம் கொடுத்து, எக்ஸ்ரே அறையில் முத்திரை வாங்கி வரச் சொன்னார். நடந்துகொண்டே திறந்தேன்.

பெயர்: தர்ஷினி.

தர்ஷினி அண்ணியின் அக்கா மகள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கனிஷ்காவைவிட ஒரு வயது பெரியவள். அவளும் அதே முகாமுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். எடை இருபத்திரண்டு கிலோ என்று எழுதியிருந்தது. காலையில் வேனில் நான் தூக்கி ஏற்றிய குழந்தை இருபத்திரண்டு கிலோ இல்லை. அது எனக்கு எந்தத் திரையும் பார்க்காமல் தெரியும். அதற்குக் கீழே, மருந்து ஒவ்வாமை: இல்லை.

கனிஷ்காவுக்கு மூன்று வயதில் சளிக் காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலின் (கிருமிகளைக் கொல்லும் மருந்துகளில் ஒன்று) கொடுத்தபோது உடம்பெங்கும் தடித்து, உதடு வீங்கியது. என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதுதான் இருக்கிறது, சிவப்பு மையில்.

கோப்புகளை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பயத்துக்கு அடியில் ஒரு திருப்தியும் எட்டிப் பார்த்தது. நான் சந்தேகப்பட்டது சரி என்ற திருப்தி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

திரும்பி நடந்தேன். ஓடவில்லை. ஒருவர்தான் உள்ளே போகலாம் என்று தடுத்தவரை விலக்கிக்கொண்டு போனேன். கனிஷ்காவின் புறங்கையில் ஊசி ஏற்றி நாடா ஒட்டியிருந்தார்கள். தட்டில் மருந்து நிரப்பிய சிரிஞ்சு இருந்தது.

“அந்த மருந்தப் போடாதீங்க. ஃபைல் மாறிப் போயிருக்கு. இது வேற குழந்தை.”

அறையில் தலைமை மருத்துவரும் இருந்தார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, சிரிஞ்சின் மீது கையை வைத்து மூடினார். என்னை யார் என்று கேட்டார். அத்தை என்றேன்.

“எனக்கும் காலையிலேருந்து ஒரு சந்தேகம், அதைக் கேக்கத்தான் வந்தேன்,” என்றார். “போன வருஷம் நாங்க பள்ளிக்கூடத்துல பாத்தப்ப, இந்தப் பிள்ளைக்குக் கீழ் முன்பல்லு ரெண்டும் விழுந்து முளைச்சாச்சுன்னு எழுதியிருக்கு. இப்ப பாத்தா ரெண்டும் பால்பல்லு. விழுந்து முளைச்ச பல்லு திரும்பப் பால்பல்லா ஆகாதும்மா.”

“அப்ப ஃபைல் மாறியிருக்குன்னுதானே டாக்டர் அர்த்தம்?”

“பாப்பாவையே கேட்டேனே.” அவர் குனிந்தார். “ஒன் பேரு என்ன கண்ணு?”

கனிஷ்கா அம்மாவைப் பார்த்தாள். வீங்கிய கன்னத்துக்குள்ளிருந்து சொல் சிரமப்பட்டு வெளியே வந்தது.

“தர்ஷினி.”

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தார்.

“அக்கா வீட்டு சிவப்பு கார்டக் காட்டித்தான் பதிஞ்சேன்,” என்றார். “பழைய ரெக்கார்டு இருக்கே, எடை, ஒவ்வாமை எல்லாம் அதுல உள்ளதுதானேன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.”

மருத்துவர் கேட்டார். “மருந்து எதுவும் ஒத்துக்காதான்னு இங்கயும் கேட்டோமேம்மா?”

“மாத்திச் சொன்னா புள்ளைய வெளிய அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேன். ஊசி போடுறப்ப சொல்லிடலாம்னுதான் நின்னுக்கிட்டிருந்தேன். எந்த ஊசி அந்த ஊசின்னு எனக்குத் தெரியலயே.”

பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

“நம்ம கார்டு எதனால மஞ்சளாச்சு கலை?”

குறிப்பேட்டைத் திறந்து முதல் பக்கத்தை மருத்துவரிடம் காட்டினேன். அவர் படித்தார். தட்டில் இருப்பதும் அதே வகை மருந்துதான் என்று சொல்லி, அதை எடுத்துப் போகச் சொன்னார். வேறு வகை மருந்து ஒன்றின் பெயரைச் சொல்லி, புதுக் கோப்பு போடச் சொன்னார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார்.

“வீக்கத்தோட வர்ற குழந்தைக்கு நாங்க கார்டே கேக்கறதில்லம்மா. எந்தக் கலரா இருந்தாலும் பாப்போம்.”

“அத மைக்குல சொன்னீங்களா டாக்டர்?” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். “இல்ல. சொல்லியிருக்கணும்.”

புதுக் கோப்புக்கு எடை பார்க்கக் கனிஷ்காவை மேடையில் ஏற்றினார்கள். கையில் ஊசி இருந்ததால் செவிலியர் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். கையை எடுங்கள் என்றேன். முதலில் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னேன். பதினைந்து கிலோ நானூறு கிராம். குழந்தைகளுக்கு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது. தாளில் இருந்ததற்கும் மேடையில் நின்றதற்கும் ஆறரை கிலோவுக்கு மேல் வித்தியாசம். என் வேலையில் இந்த அளவுக்கு எடை பிசகினால் லாரியை ஓரமாக நிறுத்திவிடுவோம்.

ஒப்புதல் படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு பக்கங்களையும் நான் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், குழந்தையின் படங்களைப் பாடம் நடத்தப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. இது வேண்டாம் என்றால் வைத்தியம் நிற்குமா என்று கேட்டேன். நிற்காது என்று சொல்லி மருத்துவரே அந்த வரியை அடித்துக் கையெழுத்திட்டார். பல்லைப் பிடுங்கப் போவது பட்டமேற்படிப்பு மாணவர் என்பதும் உண்மை. பேராசிரியர் பக்கத்தில் நிற்பார் என்பதும் உண்மை. என் பட்டியலில் இருந்தவை எல்லாம் வீண் சந்தேகங்கள் அல்ல. ஆனால் அவற்றில் எதுவும் கனிஷ்காவின் உயிருக்கு அருகில் போகவில்லை. அருகில் போனது பட்டியலில் இல்லாத ஒன்று.

முதல் நாள் வீக்கம் குறையவில்லை. கன்னத்தில் பேனாவால் அதன் எல்லையை வரைந்திருந்தார்கள். நான் மணிக்கொருமுறை அந்தக் கோட்டைப் பார்த்தேன். மாலையில் வீக்கம் கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு வெளியே நின்றது. அண்ணி என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. இருவரும் கட்டிலின் இரண்டு பக்கத்தில் நின்று ஒரே கோட்டைப் பார்த்தோம்.

மறுநாள் காலையில் கோட்டுக்கு உள்ளே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் சுருங்கியிருந்தது. “கலை, இங்க பாரு” என்றார் அண்ணி. அந்தக் கார்டுக் கேள்விக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. மதியம் கனிஷ்கா கஞ்சி குடித்தாள். வாயில் இரண்டு விரல் நுழைந்தது.

மூன்றாம் நாள் பல்லை எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு, மாணவரான அந்த இளைஞர் அவளிடம் சொன்னார், வலிக்காது, ஆனால் யாரோ மேலே உட்கார்ந்தது போல அழுத்தும் என்று. அவர் காதுகள் சிவந்திருந்தன. கனிஷ்கா அவரையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க இதுக்கு முன்னாடி புடுங்கியிருக்கீங்களா?” என்றாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்க வேண்டியதில்லை. பேராசிரியர் சிரித்தார். நிறைய, என்றார் இளைஞர், எண்ணிக்கை சொல்லாமல்.

பல்லைப் பஞ்சில் வைத்துக் காட்டினார்கள். இவ்வளவு சிறியதா என்று இருந்தது. சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிது. அதில் பாதி குழி.

ஊருக்குத் திரும்பிய பிறகும் வேலை முடியவில்லை. தர்ஷினியின் பழைய பதிவில் கனிஷ்காவின் சீழ் ஏறியிருந்தது. செய்தி தெரிந்ததும் அண்ணியின் அக்கா வாசலில் வந்து நின்றார். கார்டைக் கொடுத்தவர் அவர்தான். ஆனாலும் கோபம் வந்துவிட்டது.

“பல்லுல ஒரு பூச்சி இல்லாத புள்ள அது. அது பேர்ல போயி சீழுன்னு எழுதி வச்சிருக்கானுவ. நாளைக்கு எந்த லிஸ்ட்டுல எதக் கொண்டுபோயி ஒட்டுவானுவளோ.”

அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஒரு விடுப்பு நாளில் தர்ஷினியையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய், எழுதிக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளின் பதிவுகளையும் பிரித்தோம். தர்ஷினி வாயைத் திறந்து முளைத்த முன்பற்கள் இரண்டையும் காட்டினாள். இந்தமுறை தாளும் வாயும் ஒத்துப்போயின. முகாமில் பதிந்த மற்றவர்களில் எத்தனை பேர் வேறு பெயரில் இருக்கிறார்கள் என்று பதிவு செய்பவர் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மையல்ல. ஊருக்கு வந்து, நான் சந்தேகப்பட்ட இரண்டு வீடுகளுக்கும் போய், மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை மட்டுமாவது போனில் சொல்லிவிடுங்கள் என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கேள்வி கேளுங்கள். தாளைப் படியுங்கள். எடை பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒவ்வொரு புது முகத்திடமும் சொல்லுங்கள். அட்டையின் நிறம் எதுவாக இருந்தாலும், குழந்தையின் பெயரைக் குழந்தையின் பெயராகவே கொடுங்கள். முகத்தில் வீக்கம் வந்துவிட்டால் எந்த அட்டையும் இல்லாமலே போய் நில்லுங்கள், பார்க்கச் சொல்லுங்கள். இலவசம் என்று அறிவிக்கிறவர்களுக்கும் ஒன்று: யாருக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஆபத்து என்றால் எல்லோருக்கும் உண்டு என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

சந்தேகப் பட்டியல் எழுதினால் உங்கள் வீட்டையும் அதில் சேருங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கு அல்ல. வீட்டில் ஒருவர் எதையாவது மறைக்கிறார் என்றால், எதற்குப் பயந்து மறைக்கிறார் என்று கேட்பதற்கு. நான் அண்ணியிடம் அதைக் கேட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்துக் கனிஷ்காவுக்கு இடங்காப்பான் (பல் போன இடத்துக்குள் பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடாமல் தாங்கும் சிறு கம்பி வளையம்) பொருத்தினார்கள். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினார். ஈறுக்கு அடியில், எலும்புக்குள், மொட்டு போல ஒரு வெள்ளை நிழல். நிரந்தரப் பல். பாதிக்கப்படவில்லை என்றுதான் தோன்றுகிறது, வெளியே வரும்போது தெரியும் என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். இன்னும் நான்கு வருடம், ஐந்தும் ஆகலாம்.

எனக்கு எதையும் அடுத்த சம்பளம், எடைமேடைக்கு அடுத்த பேட்டரி மாற்றம், அடுத்த தடைக்காலம் என்று குறுகிய துண்டுகளாக எண்ணித்தான் பழக்கம். இப்போது நான்கு வருட நீளத்துக்கு ஒரு வரி குறிப்பேட்டில் இருக்கிறது. எதிரே டிக் அடிக்கும் கட்டம் காலியாக இருக்கிறது. கண்ணாடி பார்க்கும்போது என் சொந்தத் தாடைக்குள்ளும் எவ்வளவோ காலம் யாருக்கும் தெரியாமல் எதுவோ வளர்ந்துதான் வெளியே வந்தது என்று தோன்றுகிறது. அதை யாரும் சரிபார்க்கவில்லை.

கனிஷ்கா இப்போது இரண்டு பக்கமும் மெல்லுகிறாள். அந்த இடைவெளியை நாக்கால் தொட்டுப் பார்ப்பது அவள் வழக்கமாகிவிட்டது. பள்ளி திறந்து, வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டபோது முதல் இரண்டு நாள் தாமதமாகத்தான் பதில் சொன்னாளாம். போன வாரம் வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

“அத்தை, புதுப் பல்லு யாரு பேர்ல வரும்?”

“ஒன் பேர்லதான்.”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சீட்டு கொடுப்பதற்கு முன் நான் ஓட்டுநர்களைப் பார்க்கும் பார்வை அது.

“போன் லைட்ட அடிச்சுப் பாருங்க.”

வாயைத் திறந்தாள். அடித்துப் பார்த்தேன். கம்பி வளையம், அதற்கு நடுவே இளஞ்சிவப்பாக ஆறிய ஈறு. வேறொன்றும் இல்லை.

“இன்னும் ஒண்ணும் தெரியல கனி. உள்ள இருக்கு. நான் படத்துல பாத்தேன்.”

வாயை மூடினாள். யோசித்தாள்.

“சரி. நாளைக்கும் பாருங்க,” என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.